முழுசா மூடியிருக்கா? ஒரு செம்புச் சட்டையின் கதை

இன்னைக்கு எபிசோடில் ஒரு மில்லிமீட்டர்கூட தடிமன் இல்லாத ஒரு உலோகத் தோலைப் பற்றிப் பேசப் போறோம். அந்தத் தோல் எங்கே தொடங்குது, எங்கே முடியுதுன்னு 1899-ல் உலகத்தின் பெரிய நாடுகள் உட்கார்ந்து சண்டை போட்டிருக்காங்க. அந்தச் சண்டைக்குக் காரணமான இடம் கொல்கத்தா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கு.

முதலில் ஒரு சின்னக் காட்சி. அமெரிக்காவில் தோட்டாவைக் கடையில் வாங்காமல், காலிக் கூடுகளை எடுத்து வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் ஆட்கள் நிறைய. நம்ம ஊரில் சிலர் காபிக்கொட்டையை வீட்டிலேயே வறுத்து அரைப்பாங்க பாருங்க, அந்த அளவுக்கு ஈடுபாடான ஹாபி அது. அவர்களில் ஒருத்தர் பழைய டப்பா ஒன்றை வாங்கி வருகிறார். உள்ளே செம்பு நிறத்தில் பளபளன்னு குண்டுகள். லேபிள் கிடையாது. அவருக்கு ஒரே கேள்விதான்: இது முலாம் பூசினதா, உறை போட்டதா?

தமிழில் இந்த வித்தியாசத்துக்கு ரெடியாகவே வார்த்தை இருக்கு. கவரிங் வளையலில் இருப்பது முலாம். கோயிலில் சாமிக்குச் சாத்தும் வெள்ளிக் கவசம் தனியாகத் தட்டிச் செய்த தகடு, அது உறை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் மினுங்கும். கையில் எடுத்தால்தான் கதை வேறன்னு தெரியும். குண்டிலும் அப்படித்தான். உள்ளே ஈயம், வெளியே செம்பு. மின்சாரத் தொட்டியில் போட்டுச் செம்பைப் படிய வைத்தால் முலாம். செம்புக் கலவைத் தகட்டைக் கிண்ணம் மாதிரி இழுத்து, அதற்குள் ஈயத்தை அழுத்தினால் உறை.

கண்டுபிடிக்கிற வழி சுலபம். குண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்க. சாதாரண உறைக் குண்டில் மூக்கு மூடியிருக்கும், அடியில் தகட்டின் விளிம்பு உள்ளே மடங்கி, நடுவில் ஈயம் சாம்பல் நிறத்தில் வட்டமாகத் தெரியும். முலாம் குண்டில் அடியும் செம்பாகவே இருக்கும், ஓரமும் கொஞ்சம் மழுங்கலாக இருக்கும். மூக்கில் குழி உள்ள உறைக் குண்டு மட்டும் தலைகீழ்: அதில் அடி மூடியிருக்கும், மூக்கு திறந்திருக்கும். இப்படி எங்கே மூடி, எங்கே திறந்து என்பதில்தான் நம்ம கதையே இருக்கு. அதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

(ஒரு அவசரக் குறிப்பு: இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். இந்த எபிசோட் வரலாறு கேட்க மட்டும்.)

சரி, ஈயத்துக்கு எதற்குச் சட்டை?

பல நூறு வருஷம் அது சட்டை இல்லாமல்தான் இருந்தது. ஈயம் மலிவு, கனம், 327 டிகிரியில் உருகிவிடும், அடுப்படியிலேயே வார்த்துக்கொள்ளலாம். கருமருந்து கொடுத்த வேகமும் அதற்குத் தாங்கியது. பிரிட்டிஷ் ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியை எடுத்துக்கோங்க. சுமார் 31 கிராம் எடை, 11 மில்லிமீட்டருக்கு மேல் விட்டம், நொடிக்கு 400 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் வேகம். பட்ட இடத்தில் அந்த மென்மையான ஈயம் நசுங்கிப் பரவும். எலும்பில் பட்டால் எலும்பே நொறுங்கும். யாரும் அதைக் கொடூரமான புது ஆயுதம்னு தனியாகச் சொல்லலை, ஏன்னா எல்லாக் குண்டும் அப்படித்தான் இருந்தது.

1882-ல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் எட்வார்ட் ரூபின் என்ற ராணுவ அதிகாரி ஈயத்துக்குச் செம்புச் சட்டை போட்டார். ரொம்பச் சின்ன விட்டத்தில், ரொம்ப வேகமாகப் போகும் குண்டு வேண்டும் என்பது அவர் ஆசை. துப்பாக்கிக் குழலின் உள்சுவரில் திருகு மாதிரி பள்ளங்கள் இருக்கும், அதில் உரசித்தான் குண்டு சுழலும். வேகம் கூடினால் வெறும் ஈயம் அந்தப் பள்ளத்தில் பிடிக்காமல் வழுக்கி, உரிந்து, குழல் முழுக்க அப்பிக்கொள்ளும். சட்டை போட்டால் பிடிக்கும்.

இரண்டே வருஷத்தில், 1884-ல், பிரான்ஸில் போல் வியே புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்தார். இப்போ வேகம் கனவு இல்லை. 1886-ல் பிரெஞ்சு ராணுவம் லெபெல் துப்பாக்கியோடு வந்தது. ஐரோப்பா பதறிப்போய் ஓடியது. பிரிட்டன் 1888-ல் .303 லீ-மெட்ஃபோர்டை எடுத்துக்கொண்டு, கொஞ்ச வருஷத்தில் அதற்குக் கார்டைட் என்ற தன் சொந்த புகையில்லா மருந்தையும் போட்டது.

கார்டைட்னு சொன்னதும் ஊட்டி மலை ரயிலில் போனவங்களுக்கு ஒரு ஸ்டேஷன் ஞாபகம் வரணுமே? குன்னூர் தாண்டி, வெலிங்டன் தாண்டி, அரவங்காடு. அங்கே இருக்கும் கார்டைட் ஃபேக்டரி 1903-ல் இந்த மருந்தைத் தயாரிக்கத் தொடங்கப்பட்டதுதான். யூகலிப்டஸ் வாசனைக்கு நடுவில் ஜன்னல் வழியா நாம் பார்க்கிற அந்தக் கட்டடங்கள், இந்தக் கதையின் ஒரு பக்கக் கிளை.

புதுக் குண்டு எப்படி இருந்தது? விட்டம் 7.7 மில்லிமீட்டர். எடை 14 கிராம், அதாவது பழசில் பாதிக்கும் குறைவு. வேகம் நொடிக்கு 600 மீட்டர். செம்பும் நிக்கலும் கலந்த கெட்டியான உறை. பார்க்க நாகரிகமாக இருந்தது. பட்டால் நசுங்காது, சின்னத் துளை போட்டு நேராக மறுபக்கம் போய்விடும். ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் இதைக் கருணையுள்ள குண்டுன்னே பாராட்டினாங்க. காயம்பட்டவன் பிழைத்துக்கொள்வான் இல்லையா.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு அந்தக் கருணை பிடிக்கலை.

1895. இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில், சித்ரால் கோட்டையில் முற்றுகை. அதை மீட்கப் போன படைகள் திரும்பி வந்து ஒரே புகார்: சுட்டால் விழ மாட்டேங்கிறாங்க. குண்டு உடம்பில் புகுந்து வெளியே போயிடுது, எதிராளி ஓடி வந்துக்கிட்டே இருக்கான். நம்ம பக்கம் நின்று யோசித்தால் இந்தப் புகாரே விசித்திரம். ஓடி வந்தவர்கள் தங்கள் மலைக்குள் நுழைந்த ஒரு படையை எதிர்த்துத்தான் ஓடி வந்தாங்க. ஆனா ராணுவக் கோப்பில் அது ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாக மட்டும் பதிவானது. பிரச்சினைக்குத் தீர்வு தேடச் சொல்லி ஃபைல் டம்டமுக்குப் போனது.

டம்டம் கொல்கத்தாவின் வடக்கே. இன்னைக்கு நேதாஜி விமான நிலையம் இருக்கிற பகுதி. அன்றைக்கு அங்கே ஆயுதத் தொழிற்சாலை. இந்த ஊருக்கும் குண்டுக்கும் ஏற்கெனவே ஒரு பழைய கணக்கு உண்டு. 1857 ஜனவரியில், புது என்ஃபீல்டு துப்பாக்கிக்கான தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கு என்ற பேச்சு முதலில் அதிகாரிகளின் காதுக்கு வந்ததும் இதே டம்டமில்தான். தண்ணீர் கேட்டு மறுக்கப்பட்ட ஒரு தாழ்த்தப்பட்ட சாதித் தொழிலாளி, மறுத்த பிராமணச் சிப்பாயிடம், 'கொழுப்புத் தோட்டாவைக் கடிக்கும்போது உன் சாதி என்னாகும்' என்று கேட்டதாக அதிகாரிகளின் அறிக்கையில் இருக்கு. அன்றைக்குச் சண்டை தோட்டாவின் மேல் இருந்த பசையைப் பற்றி. நாற்பது வருஷம் கழித்துக் குண்டின் மேல் இருந்த உறையைப் பற்றி.

1896-ல் டம்டம் தொழிற்சாலையின் கண்காணிப்பாளர் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே கண்டுபிடித்த தீர்வு அசர வைக்கும் அளவுக்கு எளிமை. உறையை மூக்கு நுனியில் மட்டும் திறந்து விட்டார். அவ்வளவுதான். பக்கவாட்டில் உறை இருக்கு, குழலில் ஒழுங்காகச் சுழலும். நுனியில் ஈயம் வெளியே தெரியுது, உடம்பில் பட்டதும் நசுங்கி, காளான் குடை மாதிரி விரியும். பழைய பெரிய குண்டின் காயம், புதிய சின்னக் குண்டின் வேகம், இரண்டும் ஒரே பொருளில். ஊரின் பெயரே குண்டுக்கு ஒட்டிக்கொண்டது. 'டம்டம் புல்லட்' என்ற சொல் அகராதியில் ஏறியது இப்படித்தான்.

1897-ல் மலக்கண்ட், திரா என்று வடமேற்கு எல்லை முழுக்கக் கலவரம். டம்டம் குண்டு அங்கே வேலைக்கு இறங்கியது. அந்தப் படையோடு போன 22 வயது இளைஞர் ஒருத்தர் அடுத்த வருஷமே அதைப் பற்றிப் புத்தகம் போட்டு, இந்தக் குண்டின் திறமையைத் திருப்தியோடு எழுதினார். பேர் வின்ஸ்டன் சர்ச்சில். பிரிட்டன் லண்டனில் தன் சொந்தப் பதிப்பையும் செய்தது: மூக்கில் குழி தோண்டிய மார்க் 4. 1898 செப்டம்பரில் சூடானில் ஓம்டுர்மான் போரில் அது பயன்பட்டது.

ஆனா உறையை இஷ்டத்துக்குத் திறந்தால் துப்பாக்கிக்கும் சிக்கல். அடியும் திறந்து, மூக்கும் திறந்திருந்தால் என்ன ஆகும்? பின்னாலிருந்து வாயு அழுத்தும்போது ஈயம் மட்டும் ட்யூபிலிருந்து பேஸ்ட் பிதுங்குற மாதிரி முன்னால் ஓடிவிடும், உறை குழலுக்குள்ளேயே நின்றுவிடும். தெரியாமல் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் பிளக்கும். மார்க் 4-க்கு இந்தக் கெட்ட பெயர் சீக்கிரமே வந்தது.

அதற்குள் ஐரோப்பாவில் சத்தம் கிளம்பியாச்சு. ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் பவுல் ஃபான் புருன்ஸ், நுனி திறந்த குண்டுகளைச் சுட்டுச் சோதித்து, காயங்கள் எவ்வளவு கோரம் என்று வெளியிட்டார். பிரிட்டன் கொதித்தது. அவர் சோதித்தது டம்டம் குண்டே இல்லை, மவுசர் வேட்டைக் குண்டு, அதில் ஈயம் ரொம்ப அதிகமாக வெளியே தெரியும் என்று வாதாடியது. உண்மைதான். அந்த வாதத்தில் பிரிட்டன் பக்கம் நியாயம் இருந்தது. ஆனா விவாதம் அங்கே நிற்கலை.

1899 மே 18. நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் 26 நாடுகள் கூடின. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் அழைத்த அமைதி மாநாடு. ஜப்பான், சீனா, சியாம், பாரசீகம், துருக்கி இருந்தன. குண்டு வாங்கிய மலைக்காரர்களுக்கு நாற்காலி இல்லை. இந்தியாவுக்கும் இல்லை. குண்டு பெயரளவில் இந்தியாவுடையது, பேசியது லண்டன்.

பிரிட்டன் சார்பில் எழுந்தவர் சர் ஜான் ஆர்டா. அவர் சொன்னதன் சாரம் இது: நாகரிக நாட்டுப் படைவீரன் காயம் பட்டால் நின்றுவிடுவான், தனக்கு மருத்துவம் கிடைக்கும் என்று தெரியும். காட்டுமிராண்டி அப்படி இல்லை, எத்தனை குண்டு பட்டாலும் வந்து தலையை வெட்டிவிடுவான். அதனால் அவனுக்கு வேறு குண்டு தேவை. மூடி மறைக்கலை பாருங்க. அவையில் நின்று, பதிவாகும்படி சொன்னார். ரஷ்யப் பிரதிநிதி ரஃபலோவிச் அங்கேயே மறுத்தார்: இப்படி மனிதரைப் பிரித்துப் பார்ப்பது மாநாட்டின் நோக்கத்துக்கே எதிரானது என்று. ரஷ்யா மத்திய ஆசியாவில் என்ன செய்தது என்பதும் நமக்குத் தெரியும், அதனால் அவர்களைப் புனிதர் ஆக்க வேண்டாம்.

வாக்கெடுப்பு: ஆதரவு 22, எதிர்ப்பு 2, ஒரு நாடு நடுநிலை. எதிர்த்தவை பிரிட்டனும் அமெரிக்காவும். நடுநிலை போர்ச்சுகல். 1899 ஜூலை 29 தேதியிட்ட அந்தப் பிரகடனம் தடை செய்தது எதை? மனித உடலில் எளிதாக விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளை. உதாரணமாக, கெட்டியான உறை உள்ளே இருக்கும் ஈயத்தை முழுசாக மூடாத குண்டு, அல்லது உறையில் கீறல் போட்ட குண்டு. டம்டம் என்ற பேர் உரையில் எங்கேயும் வராது. வர வேண்டிய தேவையும் இல்லை, 'முழுசாக மூடாத' என்றாலே யாரைச் சொல்றாங்கன்னு அறையில் எல்லாருக்கும் தெரியும்.

அதில் இன்னொரு வரி இருக்கு, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் சண்டை போடும்போது மட்டுமே இது செல்லும். கையெழுத்திடாத எவரோடும் போர் என்றால் கட்டுப்பாடு இல்லை. அஃப்ரிதிகள் கையெழுத்துப் போட அழைக்கப்படவே இல்லை. ஆர்டா வாக்கெடுப்பில் தோற்றார், சரி. ஆனா அவர் கேட்ட வித்தியாசம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே 1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர். எதிரே இருந்தவர்கள் வெள்ளையர்கள். போயர் குடியரசுகளும் ஹேக்கில் கையெழுத்திடாதவைதான், சட்டப்படி தடை எதுவும் இல்லை. இருந்தும் பிரிட்டன் அங்கே அதிகாரபூர்வமாகப் போனது முழு உறை போட்ட பழைய மார்க் 2 குண்டோடு. மார்க் 4-ன் கோளாறும் ஒரு காரணம்தான், மறுக்கலை. ஆனா கணக்கு எப்படி விழுதுன்னு நீங்களே பாருங்க. 1907-ல் பிரிட்டன் கடைசியில் பிரகடனத்தை ஏற்றது. அமெரிக்கா இன்று வரை அதில் சேரவில்லை.

1910-ல் பிரிட்டன் மார்க் 7 குண்டைக் கொண்டு வந்தது. கூர்மூக்கு. உறை நுனி வரைக்கும் முழுசா மூடியிருக்கு. ஹேக் உரையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனா உறைக்குள்ளே, மூக்குப் பகுதியில் ஈயத்துக்குப் பதில் அலுமினியத் துண்டு. முன்பக்கம் லேசு, பின்பக்கம் கனம். காற்றில் நேராகப் போகும். உடம்புக்குள் புகுந்ததும் நிலை தடுமாறிப் புரளும், காயம் பெரிதாகும். இரண்டு உலகப் போரிலும் பிரிட்டிஷ் படைகளும் இந்தியப் படைகளும் இந்தக் குண்டைத்தான் சுட்டன.

இதுவரை உறை மனிதனுக்குச் செய்ததைப் பார்த்தோம். அது துப்பாக்கிக்குச் செய்ததில் ஒரு வேடிக்கையான அத்தியாயம் இருக்கு. முலாமும் உறையும் ஒரே குண்டில் சந்தித்த கதை.

செம்பு-நிக்கல் உறைக்கு ஒரு கெட்ட குணம்: குழலின் வாய்ப்பக்கத்தில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதைக் கரைக்க அம்மோனியாக் கரைசல் ஊற்றி ஊறவைக்கணும். வெறுத்துப்போன அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டியாளர்கள், சுடுவதற்கு முன் ஒவ்வொரு குண்டையும் கிரீஸ் டப்பாவில் முக்கி எடுத்தாங்க. வேலை செய்தது, ஆனா ஆபத்து. அந்த வழக்கத்தை ஒழிக்க ஃபிலடெல்ஃபியாவின் ஃப்ராங்க்ஃபோர்டு ஆர்செனல் 1921 தேசியப் போட்டிக்கு ஒரு புதுத் தோட்டா தந்தது. செம்பு-நிக்கல் உறை, அதன் மேல் வெள்ளீய முலாம். நம்ம வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுற அதே சரக்கு. கட்டி ஒட்டலை, எல்லாருக்கும் சந்தோஷம். கிரீஸ் மட்டும் போடாதீங்கன்னு அறிவிப்பு.

பழக்கம் விடுமா? ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரி மைதானத்தில் சிலர் ரகசியமாகக் கிரீஸ் தொட்டாங்க. துப்பாக்கிகள் வெடித்தன. பிறகுதான் தெரிந்தது: வெள்ளீய முலாமும் தோட்டாக் கூட்டின் பித்தளையும் சூடே இல்லாமல் மெல்ல மெல்லப் பற்றவைத்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கூட்டின் கழுத்து விரிந்து குண்டை விட இடம் வேண்டும், அந்த இடத்தைக் கிரீஸ் அடைத்துவிட்டது. அழுத்தத்துக்குப் போக வழியில்லை. வீரர்கள் அந்தத் தோட்டாவுக்கு வைத்த பட்டப்பெயர் 'டின் கேன்'. அடுத்த வருஷமே செம்பும் துத்தநாகமும் கலந்த கில்டிங் மெட்டல் உறைக்கு மாறினார்கள். இன்னைக்கு வரை உறை என்றால் பெரும்பாலும் அதுதான்.

இப்போ நம்ம லேபிள் இல்லாத டப்பாவுக்குத் திரும்புவோம். 1840-லேயே பர்மிங்ஹாமில் எல்கிங்டன் கம்பெனி மின்முலாமுக்குப் பேடன்ட் வாங்கியாச்சு, வெள்ளி ஸ்பூனுக்கு. அது குண்டுக்குத் தொழிலாக வந்தது ரொம்பப் பின்னால், கட்டடத்துக்குள்ளே சுடும் பயிற்சிக் கூடங்கள் பெருகிய காலத்தில். உறைக் குண்டின் திறந்த அடியை ஒவ்வொரு முறையும் சூடான வாயு அரிக்கும், ஈயம் காற்றில் கலக்கும், பயிற்சியாளர் அதைச் சுவாசிப்பார். அடியையும் மூடினால் அது குறையும். முலாம்தான் மலிவான வழி.

ஆனா முலாமின் தடிமன் 0.1, 0.2 மில்லிமீட்டர்தான், அதுவும் மென்மையான சுத்தச் செம்பு. உறை சுமார் அரை மில்லிமீட்டர், கெட்டிக் கலவை. உறைக்குச் சொன்ன வேகத்தில் முலாம் குண்டை அனுப்பினால் பள்ளத்தில் கிழியும், உள்ளே இருக்கும் ஈயம் குழலில் அப்பும், குறி போகும். கூட்டின் வாயை இறுக்கமாகக் கவ்வவிட்டாலே தோல் அறுந்துவிடும். அதனால்தான் அந்த ஹாபிக்காரர் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஒரு காந்தத்தையும் எடுத்து வைக்கிறார், ஏன்னா மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: இரும்பு உறை, அதன் மேல் செம்பு முலாம். ரஷ்யத் தயாரிப்புகளில் சகஜம். செம்பு மாதிரியே இருக்கும், ஆனா காந்தத்தில் ஒட்டும்.

ஹேக் பிரகடனத்தை எழுதினவங்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் குழம்பிப் போவாங்க. அவங்க காலத்துச் 'சட்டப்படியான' உறைக் குண்டின் அடியில் ஈயம் திறந்தே இருந்தது, அதை யாரும் பொருட்படுத்தலை. மூக்கை மட்டும்தான் பார்த்தாங்க. எல்லாப் பக்கமும் உண்மையிலேயே முழுசாக மூடிய குண்டு, அட்டை இலக்கைச் சுடுபவரின் நுரையீரலைக் காப்பாற்றக் கடைசியில் மலிவு விலையில் வந்து சேர்ந்தது.

அடுத்த வாரம் பார்ப்போம்.